நாற்பது கிணறு உள்ள பாலைவனம்

பல்லில் ஒரு மணல் கடிபட்டது. என் பாலைவனம் அந்த மணலிலிருந்துதான் தொடங்கியது.

வெள்ளவத்தையில் ரயில் பாதைக்கும் கடலுக்கும் இடையில் கருங்கல் அடுக்கியிருக்கிறார்களே, அதில் ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்தேன். கையில் ஒரு சுருள் கச்சான் கடலை, மடியில் ஓர் ஆங்கிலப் பூகோளப் புத்தகம். ஐந்து நாளாக அந்தப் புத்தகம் ஒரே பக்கத்தில்தான் திறந்து கிடந்தது. பாலைநிலத்துச் சிற்றூர்களின் நில அமைப்பும் குடியிருப்பும் என்பது அந்தப் பக்கத்தின் பொருள். இரண்டு பந்தி எழுத்து, ஒரு படம். படத்தில் ஒரு பெண் தலையில் குடத்துடன் நடந்து போகிறாள். அவ்வளவுதான்.

அந்த இரண்டு பந்தியையும் வைத்துக்கொண்டு, வருகிற புதன்கிழமை நாற்பது நிமிஷம் கதைக்க வேண்டும். கேட்கப் போகிறவர்கள் கொட்டாஞ்சேனையில் ஒரு பாடசாலையின் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள். பின்வரிசை வாங்குப் பலகையில், பாடசாலைகளைப் பரிசோதிக்க வருகிற வித்தியாதரிசி. பாடத்தைத் தேர்ந்தெடுத்து எழுதி அனுப்பியவரும் அவர்தான்.

நான் அங்கே மூன்று மாதத் தவணை ஒன்றுக்கு மட்டும் எடுக்கப்பட்ட தற்காலிக ஆசிரியன். பாடம் அவருக்குப் பிடித்தால் வேலை நிலைக்கும். பிடிக்காவிட்டால், நான் தங்கியிருந்த அக்கா வீட்டில் அத்தானுடைய மேசை லாச்சிக்குள் எனக்காக ஒரு விண்ணப்பப் படிவம் காத்திருந்தது. மருதானையில் அவர் வேலை செய்யும் கந்தோரில், வந்திறங்கும் பெட்டிகளுக்கு இலக்கம் போடுகிற வேலை. படிவத்தில் என் பெயரை அவர் ஏற்கெனவே எழுதி வைத்துவிட்டார். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

அப்படியொரு மனநிலையில்தான் மணல் கடிபட்டது. கச்சானை மணலில் போட்டு வறுக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. எனக்கு அந்தக் கணத்தில்தான் தெரிந்தது போலிருந்தது. துப்பப் போனவன் துப்பவில்லை. எதிரே பார்த்தேன். பாணந்துறை வரைக்கும் மணல். பாலைவனத்தைப் பற்றி ஏன் கதைக்க வேண்டும், கொண்டுபோய்க் காட்டினால் என்ன?

எழுந்த வேகத்தில் கச்சான் கடலுக்குள் போனது. புத்தகத்தை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

வறுத்த மணல்

அது தென்மேற்கு மழைக் காலம். வெள்ளவத்தை மணல் புட்டுக்குக் குழைத்த மாவைப் போல இருந்தது. அதை வைத்து எந்தப் பாலைவனமும் செய்ய முடியாது. அக்கா சந்தைக்குப் போன நேரம் பார்த்து, தாச்சியை அடுப்பில் ஏற்றி ஈர மணலைக் கொட்டி வறுத்தேன். அருமையாகக் காய்ந்தது. பொன்னிறம் வந்தது.

மூன்றாவது தாச்சி மணல் இறக்கும்போது அக்கா வந்துவிட்டாள். வாசலிலேயே தும்மினாள்.

"டேய், உந்தத் தாச்சியிலதானே நேற்று மிளகாய் வறுத்தனான்," என்றாள். "அதிலபோய் மண்ணை வறுக்கிறாய். உனக்கென்ன விசரோ?"

பாடத்துக்கு என்று சொன்னேன். எந்தப் பாடசாலையில் மண் வறுக்கப் படிப்பிக்கிறார்கள் என்று கேட்டாள். ஆனால் நெருப்புப் பெட்டி சேர்த்துத் தந்தவளும் அவள்தான். ஒழுங்கையில் வீடு வீடாகக் கேட்டு வாங்கி நாற்பது பெட்டி. அவை நாற்பது வீடு. தேயிலைப் பெட்டியின் பலகை ஒன்றை நிலமாக்கி, சுற்றிவரச் சட்டம் அடித்து, மணலைப் பரப்பி, கோதுமை மாப் பசையும் கையுமாக மூன்று நாள் ஊர் கட்டினேன்.

எப்படிக் கட்டினேன் என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். இந்த அத்தியாயத்தின் வெட்கமே அதில்தான் இருக்கிறது.

நடுவில் நேராக ஒரு பெரிய வீதி. அதிலிருந்து இரண்டு பக்கமும் சீப்புப் பல் போல ஒழுங்கைகள். வீடுகளுக்குச் சரிந்த கூரை, கூரைக்குச் செங்காவி, தாழ்வாரத்தில் மழைநீர் வடிய ஈர்க்கினால் ஒரு பீலி. ஒவ்வொரு வளவையும் சுற்றிக் கிடுகு வேலி. ஒவ்வொரு வளவின் பின்பக்கமும் ஒரு சோடா மூடி, அதற்குள் நீல மை கலந்த தண்ணீர். அது கிணறு. நாற்பது வீட்டுக்கும் நாற்பது கிணறு. கடைசியில் களிமண்ணில் இரண்டு மூன்று ஒட்டகங்களும், புத்தகப் படத்தில் இருந்ததுபோல குடம் சுமக்கும் பெண்ணொருத்தியும் செய்து வீதியில் நிறுத்தினேன்.

அத்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "நல்ல வடிவான ஊர்," என்றார். "எங்கட வெள்ளவத்தைக் காலி வீதி மாதிரியே கிடக்கு." நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு கிளைக்கதை: எட்டில் ஒரு பங்கு

சிறிது விலகிப் போக அனுமதி வேண்டும். பாலைவனத்தில் எவனாவது வீட்டுக்கு வீடு கிணறு வைப்பானா என்று நீங்கள் கேட்பீர்கள். வைப்பான், அவன் எங்கள் குடும்பத்தவனாக இருந்தால்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு கிணற்றில் என் பாட்டனாருக்கு எட்டில் ஒரு பங்கு இருந்தது. மற்ற ஏழு பங்கும் அவருடைய மைத்துனருக்கு. எட்டில் ஒரு பங்குக்காரன் கிணற்றடிக்கு எந்த வழியால் வர வேண்டும், தண்ணீர் இறைக்கும் துலாவை எந்தக் கையால் பிடிக்க வேண்டும் என்றெல்லாம் வழக்கு நடந்தது. பாட்டனார் வென்றார். வென்றவர் அடுத்த நாளே தன் வளவில் புதுக்கிணறு வெட்டிவிட்டார். பங்குக் கிணற்றில் ஒரு வாளி அள்ளவில்லை. தோற்ற மைத்துனரும் கோபத்தில் இன்னொன்று வெட்டினார். ஆக, இரண்டு குடும்பத்துக்கு மூன்று கிணறு.

இப்படியான இரத்தத்தில் பிறந்தவனுக்கு, கிணறில்லாத வீடு என்பது கதவில்லாத வீட்டைப் போல. வெள்ளவத்தையில் அக்கா வீட்டில் பைப் இருக்கிறது. இருந்தும் பின்பக்கத்தில் கிணறும் இருக்கிறது. பாலைநிலத்தில் தண்ணீர் அரிது என்று புத்தகம் தெளிவாகத்தான் எழுதியிருந்தது. தட்டைக் கூரை, ஒடுங்கிய தெரு, தடித்த சுவர் எல்லாமே அந்த இரண்டு பந்திக்குள் இருந்தன. பென்சிலால் கோடும் இழுத்திருந்தேன். ஆனால் கண் வாசித்ததைக் கைக்கு யாரும் சொல்லவில்லை. கை தனக்குத் தெரிந்த ஊரைக் கட்டிவிட்டது.

ரயிலில் ஏறிய காந்தாரய

புதன்கிழமை காலை கொட்டோ கொட்டென்று மழை. பாலைவனத்துக்கு மேலே அத்தானுடைய குடை. எனக்கு மேலே ஒன்றுமில்லை. வெள்ளவத்தை ஸ்டேஷனில் டிக்கெட் பரிசோதகர் நிறுத்தி, இது என்னவென்று சிங்களத்தில் கேட்டார். பாலைவனத்துக்குச் சிங்களம் எனக்குத் தெரிந்திருந்தது. "காந்தாரய," என்றேன்.

அவர் குடையை விலக்கிப் பார்த்தார். காந்தாரயவை சீஸன் டிக்கெட்டில் கொண்டுபோக முடியாது, அது லக்கேஜ் என்றார். மடியில் வைத்துக்கொள்வதெல்லாம் லக்கேஜ் ஆகாது என்று நான் வாதாடினேன். வண்டி ஊதிவிட்டது. அவர் கடைசியாகக் குனிந்து ஒரு முறை முகர்ந்தார், தும்மினார், போ என்று கையைக் காட்டினார்.

கோட்டையில் இறங்கி டிராமில் ஏறினேன். கொட்டாஞ்சேனை போய்ச் சேர்வதற்குள் மூன்று வேலி விழுந்திருந்தது. மற்றபடி ஊருக்குச் சேதமில்லை. நான்தான் துவைத்துப் போட்ட வேட்டி மாதிரி இருந்தேன்.

தலைமையாசிரியர் செபமாலை வாசலில் நின்றார். பயந்த சுபாவமுள்ள, நல்ல மனிதர். வித்தியாதரிசியின் கார் மழையில் எங்கோ நின்றுவிட்டதாம், அவர் வரும்வரை காத்திராமல் பாடத்தைத் தொடங்கட்டாம் என்றார். எனக்கு அது அதிர்ஷ்டம் என்றே பட்டது. ஒரு முறை ஒத்திகை பார்த்துவிடலாம்.

முப்பத்தொன்பது

பலகையை மேசையில் வைத்து, பிள்ளைகளைச் சுற்றிவரக் கூப்பிட்டேன். முப்பது தலைகள் குனிந்தன. முப்பது மூக்குகளும் தும்மின. இது மணற்புயல் என்று சமாளித்தேன்.

"இது பாலைவனத்தில் ஒரு சிற்றூர். இங்கே மழை இல்லை. தண்ணீர் கிடைப்பது மிக மிக அரிது," என்று தொடங்கினேன்.

"சேர், மழ இல்லாத ஊர்ல பீலி எதுக்கு?" என்று ஒருவன் கேட்டான்.

அலங்காரம் என்றேன். இன்னொருவன், ஒட்டகம் இந்த வேலியைத் தின்னாதா என்றான். தின்னும், பிறகு கட்டுவார்கள் என்றேன். இந்த இரண்டு பதிலும் என் ஆசிரியத் தொழிலில் நான் மறக்க விரும்புகிறவை.

அப்போதுதான் பிலோமினா வாயைத் திறந்தாள். தகப்பன் துறைமுகத்தில் சாமான் இறக்குகிறவர். காலையில் வகுப்புக்குப் பிந்தி வருகிறாள் என்று ஒவ்வொரு நாளும் நான் வாங்கில் ஏற்றி நிறுத்துகிற பிள்ளை. அவள் களிமண் பெண்ணைத் தொட்டுக் காட்டினாள்.

"சேர், இந்தப் பொம்புள எங்க போறா?"

"தண்ணிக்கு."

"அவ ஊட்டுலயே கிணறு இருக்கே. பின்ன என்னத்துக்குக் கொடத்தத் தூக்கிட்டு ரோட்டுல போறா?"

நான் களிமண் பெண்ணைப் பார்த்தேன். நாற்பது சோடா மூடியைப் பார்த்தேன். கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பாட்டனார், மைத்துனர், மூன்று கிணறு எல்லாம் ஒருமுறை கண்முன்னே வந்து போயின. பக்கத்து வீட்டுக்குப் போகிறாள் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அந்தப் பிள்ளையின் முகத்தில் கேலி இல்லை. உண்மையாகவே அவளுக்கு அந்தப் பெண்மேல் கவலை.

"தெரியாது," என்றேன். "நான் பிழையாகக் கட்டிப்போட்டேன் போலிருக்கு. நீ கட்டினால் எப்படிக் கட்டுவாய்?"

அவள் யோசிக்கவில்லை. சோடா மூடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தொடங்கினாள். பிடுங்கியதை வைக்க இடமில்லாமல் என் கையில் தந்தாள். நான் சட்டைப் பையில் போட்டேன். பை நிறைந்ததும் காற்சட்டைப் பையில் போட்டேன். நீல மை தொடையில் இறங்கியது. முப்பத்தொன்பது மூடி போனதும் கையைத் துடைத்துக்கொண்டு, மிஞ்சிய ஒன்றை நடுவில் நகர்த்தி வைத்தாள்.

"இதான் பைப்படி," என்றாள். "இனி ஊட்ட வைங்கடா."

பிறகு நடந்ததை நான் பாடம் என்று சொல்ல மாட்டேன். அது ஒரு குடியேற்றம். வெள்ளவத்தையில் வளவு என்கிற இடத்தில் கொட்டாஞ்சேனையில் தோட்டம் இருக்கிறது. பூவும் இல்லை, மரமும் இல்லை. ஒரு முடுக்குக்குள் இரண்டு வரிசை வீடு, எல்லோருக்கும் சேர்த்து ஒரு பைப், அதில் காலையில் மட்டும் தண்ணீர். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் அப்படியான தோட்டங்களில் இருந்து வருகிறவர்கள். பாலைவனத்தை அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

என் நேர்வீதி முதலில் போனது. வரிசையில் நிற்கும்போது வெயில் சுடும், இரண்டு பக்கச் சுவரும் கிட்டக் கிட்ட இருந்தால்தான் நிழல் விழும் என்றார்கள். ஆகவே முடுக்கு. முடுக்கும் நேராக இருக்கக் கூடாதாம், காற்று நேரே வந்து மண்ணை வாரிக் குடத்துக்குள் போடுமாம். ஆகவே வளைவு. காத்திருக்கிறவன் தேத்தண்ணி குடிப்பான் என்று பைப்படிக்குப் பக்கத்தில் ஒரு கடை வந்தது. கடை வந்தால் சாமான் விற்கிறவனும் வருவான் என்று ஒட்டகங்களை அங்கே கட்டினார்கள். தொழப் போகுமுன் கை கால் கழுவி ஒழுச் செய்ய வேண்டும் என்று நிஸாம் பள்ளிவாசலைக் கிணற்றருகே வைத்தான். அப்படியானால் மாதா சுரூபமும் இருக்கட்டும் என்று இன்னொருத்தி வைத்தாள். அதில் ஒரு சண்டை வரும் என்று பார்த்தேன். வரவில்லை. யார் வீடு தண்ணீருக்குக் கிட்ட என்பதில்தான் சண்டை வந்தது. அதில் ஒரு பெட்டி நசுங்கியது.

"சிந்துற தண்ணி கீழ்ப்பக்கம் போவும் சேர்," என்றாள் பிலோமினா. "அங்கதான் எங்கம்மா வல்லார வச்சிருக்கு." சரிந்து கிடந்த கிடுகு வேலிகளைப் பிய்த்து, ஈர்க்குகளைக் கிணற்றின் கீழ்ப்பக்கம் நட்டார்கள். அவை பேரீச்ச மரங்கள்.

புத்தகத்தின் முதற்பந்தி முழுக்க என் மேசையில் கிடந்தது. ஒரு வரியையும் நான் வாசித்துக் காட்டவில்லை.

பெரிய வீடு எங்கே?

நிமிர்ந்து பார்த்தால் கதவடியில் வித்தியாதரிசி. அவருக்குப் பின்னால் செபமாலை மாஸ்டர், முகத்தில் இரத்தமே இல்லை. எவ்வளவு நேரமாக நிற்கிறார்கள் என்று தெரியவில்லை. முப்பது பிள்ளைகளும் மேசையில் படுக்காத குறை. ஆசிரியன் மூலையில், நீலத் தொடையுடன்.

"ஆசிரியர் யார்?" என்று கேட்டார் வித்தியாதரிசி. கேள்வி நியாயமானதுதான்.

நான் முன்னால் வந்தேன். அவர் என்னைக் கடந்து மேசைக்குப் போனார். குனிந்தார். இரண்டு முறை தும்மினார். கைக்குட்டைக்குப் பின்னாலிருந்து, ஓரமாக நாலு பெட்டி சேர்த்துக் கட்டியிருந்த பெரிய வீடு யாருடையது என்றார். ஊர்த் தலைவனுடையது என்றார்கள். தண்ணீரை விட்டு அவ்வளவு தூரத்தில் ஏன் வைத்தீர்கள் என்றார்.

"பெரிய ஊட்டுக்காரங்க தண்ணிக்கு வரமாட்டாங்க சேர்," என்றாள் பிலோமினா. "ஆள் அனுப்புவாங்க. பைப்படிச் சத்தம் அவங்களுக்குப் புடிக்காது."

வித்தியாதரிசி சிரிக்கவில்லை. ஆனால் முகத்திலிருந்து கைக்குட்டையை எடுக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் தாமதமாக எடுத்தார்.

"மிக நல்ல முறை," என்று என் பக்கம் திரும்பினார். "பிள்ளைகளைக்கொண்டே கட்டுவித்திருக்கிறீர். இந்த முறையை எந்தப் புத்தகத்தில் படித்தீர்?"

வேலை அந்த மேசையில் இருந்தது. ஒரு சொல் போதும். ஆங்கிலத்தில் ஏதாவது ஒரு பெயரைச் சொன்னால் அவர் எழுதிக்கொண்டு போய்விடுவார். லாச்சிக்குள் அந்தப் படிவம் காகிதமாகவே கிடந்து பழுத்துப் போகும். ஒரு புத்தகத்தை யோசித்துவிட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அதற்கு மஞ்சள் அட்டைகூடப் போட்டுவிட்டேன்.

வாயைத் திறக்குமுன் முகம் துடைக்கக் கைலேஞ்சியை எடுக்கப் பைக்குள் கைவிட்டேன். ஒரு சோடா மூடி குதித்தது. அது விளிம்பில் நின்று உருண்டு, வாங்கைச் சுற்றி, வித்தியாதரிசியின் சப்பாத்தில் முட்டிப் படுத்தது. பின்னால் இன்னும் நாலைந்து குதித்தன. அவர் ஒன்றைப் பொறுக்கி, இது என்ன என்றார்.

பதற்றத்தில் வீட்டுப் பேச்சு வந்துவிட்டது. "கிணறு, ஐயா. நான் நாற்பது கிணறு வெட்டினனான். முப்பத்தொன்பதை இந்தப் பிள்ளையள் தூர்த்துப் போட்டினம்."

பிறகு முழுவதையும் சொன்னேன். பீலி, வேலி, காலி வீதி, எட்டில் ஒரு பங்கு எல்லாம். செபமாலை மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். செபம் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

வித்தியாதரிசி குறிப்புப் புத்தகத்தில் எழுதினார். எழுதிக்கொண்டே இருந்தார். போகும்போது தலைமையாசிரியரிடம் கொடுத்தார். அவர் எனக்குக் காட்டினார். வகுப்புக்குப் பாலைநிலக் குடியிருப்பு நன்கு தெரியும், ஆசிரியருக்குத் தெரியாது என்று இருந்தது. அதற்குக் கீழே: இன்னொரு தவணை கொடுக்கலாம். அடுத்த முறை இந்தப் பாடசாலையைச் சுற்றியுள்ள குடியிருப்பின் படத்தை ஆசிரியர் தாமே வரைந்து படிப்பிக்க வேண்டும். போய்ப் பார்த்து வரைய வேண்டும். அதன் பிறகே நியமனம்.

வாளி

மணி அடித்ததும் பிலோமினாவைக் கூப்பிட்டு, உங்கள் தோட்டத்துப் பைப்படியைப் பார்க்க எப்போது வரலாம் என்று கேட்டேன்.

"பாக்க வந்தா ஏசுவாங்க சேர். வாளியோட வாங்க. அஞ்சரைக்குத் தண்ணி வரும்."

அஞ்சரைக்கு வந்தால் என் முறை எப்போது வரும் என்றேன். அவள் விரல் விட்டு எண்ணினாள். புது ஆள் கடைசியாம். ஆம்பிளை என்றால் அதற்கும் கடைசியாம். "எட்டரைக்கு முடியும்," என்றாள். பாடசாலை எட்டு மணிக்கு.

இத்தனை நாள் அவள் ஏன் பிந்தி வந்தாள் என்பது, அவளை வாங்கில் ஏற்றி வைத்த எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் அதற்குள் ஓடிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து கதையைச் சொன்னேன். அத்தான் லாச்சியைத் திறந்து படிவத்தை எடுத்தார், பார்த்தார், திரும்ப வைத்தார். லாச்சியை முழுக்கச் சாத்தவில்லை. ஒரு விரலளவு விட்டார்.

அக்காவிடம் வாளி கேட்டேன். மழையில் எங்கள் கிணறு கட்டின் விளிம்புவரை முட்டி நின்றது. குனிந்து கையாலேயே அள்ளலாம்.

"கொட்டாஞ்சேனைக்கோ? தண்ணி அள்ளவோ?" என்றாள். கிணற்றைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்ப் பழைய தகர வாளியைக் கொண்டுவந்து, ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத் தந்தாள். வரிசையில் யாரும் மாற்றி எடுத்துவிடாமல் அடியில் கரியால் என் பெயரை எழுதச் சொன்னாள்.

எழுதினேன். திங்கட்கிழமை விடிய முதலாவது ரயிலில் வெறும் வாளியோடு ஏறப் போகிறேன். அது லக்கேஜ் அல்ல என்பதற்கு என்ன வாதாடலாம் என்று இப்போதே யோசிக்க வேண்டும். எட்டு மணிக்கு முன் அந்த வாளி நிறைந்தால் வகுப்புக்குப் போவேன். நிறையாவிட்டால் பிந்திப் போய், பிலோமினாவுக்குப் பக்கத்தில் வாங்கில் ஏறி நிற்பேன்.